மரத்த பிறகும் வலிக்கிற பல்



இந்த மாதம் கோறாப் பட்டின் விலையைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். தபாலில் வந்த ஒரு கடிதம் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டது. எழுதியவர் ஆரணியில் ஒரு தறி வீட்டுத் தாய். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், எட்டு வயது. கீழ்க் கடைவாயில் ஒரு பல் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாக வந்ததாம். வருஷம் திரும்புவதற்குள் ஓரம் உதிர ஆரம்பித்துவிட்டது. பிரஷ் பட்டால் கத்துகிறான், பச்சைத் தண்ணீர் குடித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறான். ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு அப்பா அவனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். உதடு மரத்தது, நாக்கு மரத்தது. மெஷினை வைத்ததும் பையன் நாற்காலியிலிருந்து எகிறிவிட்டான். இன்னொரு ஊசி. மறுபடி அதே கதை. “மரத்துப்போச்சு, சும்மா நடிக்கிறான், அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் முதுகில் இரண்டு அடி. அன்றைக்குக் கூலியும் போனதே என்கிற கோபம். இப்போது அம்மா பல் விளக்கிவிடக்கூட அவன் வாயைத் திறப்பதில்லை.

கடிதத்தின் கடைசி வரி: “எம்புள்ள பொய் சொல்றானா சார்?”

இல்லை அம்மா. உங்கள் பிள்ளை சொல்வது உண்மை. உதடு மரத்திருந்ததும் உண்மை, பல் வலித்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும் என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப் போகிறேன். உங்களுக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே பல்லோடு இன்னும் எத்தனையோ பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் அது என்ன பல் என்று பார்த்துவிடுவோம். ஆறு வயதையொட்டி, பால் பற்கள் எல்லாம் முடிகிற இடத்துக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். இவற்றுக்காக எந்தப் பால் பல்லும் விழுந்து இடம் விடுவதில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் புதுப் பல் வந்ததே தெரியாது. தெரிந்தாலும் “பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்” என்று விட்டுவிடுவார்கள். இது விழாது, விழுந்தால் முளைக்காது. அறுபது எழுபது வயதுவரை சோறு மெல்ல வேண்டிய பல் இது. நம் பக்கத்துப் பெற்றோர் பற்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துவைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த நான்கு பற்களின் மேலோடு, அதாவது எனாமல், குழந்தை பிறக்கும் சமயத்தில் உருவாகத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று வயதுக்குள் தாடை எலும்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் எனாமலைக் கட்டும் செல்களுக்கு ஏதாவது இடைஞ்சல் வந்தால் சுண்ணச்சத்து சரியாக ஏறாது. கெட்டியாக வேண்டிய இடம் நுண்துளைகளோடும், இருக்கக்கூடாத அளவுக்குப் புரதத்தோடும் நின்றுவிடும். பாவு ஓட்டும்போதே நலிந்துபோன இழை, பாதிச் சேலை நெய்த பிறகு கண்ணில் படுகிற மாதிரி, அந்தக் குறை ஆறு வயதில்தான் வாயில் தெரியும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ, நல்ல எனாமலிலிருந்து கோடு கிழித்துப் பிரித்ததுபோல ஒரு திட்டு. மஞ்சளும் பழுப்பும்தான் அதிகம் பயப்பட வேண்டியவை. மெல்ல மெல்ல அந்த இடம் உதிரும். நான்கு பல்லிலும் இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம். கூடவே முன்பற்களிலும் திட்டு வரலாம்.

ஸ்வீடனில் 1987-ல் வெளியான ஓர் ஆய்வு இதை முதலில் கணக்கெடுத்துக் காட்டியது. அங்கே 1970-ல் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இந்தப் பல் இருந்தது. 2001-ல் நெதர்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து நாட்டுப் பல் மருத்துவர்கள் சேர்ந்து இதற்கு ‘மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். டாக்டர்கள் சுருக்கமாக எம்.ஐ.எச். என்பார்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளில் பதின்மூன்று பதினான்கு பேருக்கு இருப்பதாகக் கணக்கு. நம் பக்கமும் குறைவில்லை. சென்னையில் 8 முதல் 12 வயதுப் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்துப் பேர். சேலம் பக்கத்தில் எடுத்து 2015-ல் வெளியான கணக்கில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கொஞ்சம் மேல். நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பறையில் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம்? ஒற்றைக் காரணம் என்று எதையும் யாரும் நிரூபிக்கவில்லை. பிரசவ நேரச் சிக்கல், முதல் மூன்று வருஷத்தில் அடிக்கடி வந்த காய்ச்சல், சளி, நெஞ்சுத் தொற்று, பரம்பரை என்று பலவற்றின் பங்கைச் சொல்கிறார்கள். மிட்டாய் இந்தக் குறையை உண்டாக்குவதில்லை. ஆனால் வந்த குறையைச் சீக்கிரம் சொத்தையாக்கிவிடும். “நீ கர்ப்பமா இருக்கச்சே ஒழுங்கா சாப்பிடல, அதான்” என்று மருமகளைப் பேசுகிற மாமியார்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தர்மபுரி, சேலம் பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு கூடி வரும் கறைப் பல்லும் இதுவும் ஒன்றல்ல. அந்தக் கறை எல்லாப் பற்களிலும் வலமும் இடமும் ஒரே மாதிரி பரவலாகத் தெரியும். இது குறிப்பிட்ட பற்களில் திட்டுத் திட்டாக நிற்கும்.

இனி ஊசிக்கு வருவோம்.

நல்ல எனாமல் ஒரு மூடி. சூடு, குளிர், காற்று எதையும் உள்ளே நரம்புவரை விடாது. நுண்துளை விழுந்த எனாமல் எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது, கிருமிகளையும் சேர்த்து. பல் முளைத்த நாளிலிருந்து உள்ளே இருக்கும் சதை, பல் கூழ் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அது ஓயாமல் சீண்டப்படுகிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பற்களைப் பிடுங்கிய பிறகு அறுத்துப் பார்த்து 2007-ல் எழுதினார்கள். சாதாரணப் பல்லைவிட இந்தப் பல்லின் கூழில் நரம்பிழைகள் அடர்த்தியாக இருந்தன. அழற்சி இருக்கும் இடத்தில் கூடுகிற செல்களும் அதிகம் இருந்தன. வெளியே சொத்தை இல்லாத பல்லிலும் உள்ளே ஒரு புகைச்சல் நடந்துகொண்டேயிருக்கிறது என்று அர்த்தம்.

புகைகிற நரம்பை மரக்கவைப்பது கஷ்டம். மரப்பு மருந்து நரம்பின் மேலுறையைத் தாண்டி உள்ளே போய், சோடியம் நுழைகிற வாசல்களை அடைக்க வேண்டும். அப்போதுதான் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. அழற்சி உள்ள திசு அமிலத்தன்மையோடு இருக்கும். அங்கே மருந்தில் பெரும்பகுதி உறையைத் தாண்ட முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதோடு, பல நாள் சீண்டப்பட்ட நரம்பில் அந்த வாசல்களே எண்ணிக்கையில் கூடிவிடும், சில வாசல்கள் மருந்துக்கு எளிதில் அடங்காத வகையாகவும் மாறும் என்று சொல்கிறார்கள். உதட்டுக்குப் போகும் நரம்பில் இந்தத் தகராறு ஏதும் கிடையாது. அதனால் உதடு ஐந்து நிமிஷத்தில் மரத்துவிடுகிறது. டாக்டர் உதட்டைக் கிள்ளிப் பார்க்கிறார், பிள்ளை “தெரியல” என்கிறான், பல்லில் மெஷின் இறங்குகிறது, பிள்ளை அலறுகிறான். உதட்டைக் கேட்டுப் பல்லுக்குத் தீர்ப்பு எழுதினால் அப்படித்தான் ஆகும்.

ஸ்வீடனில் ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2002-ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. இந்தக் குறை கடுமையாக உள்ளவர்களுக்கு அந்த நான்கு பற்களில் நடந்த சிகிச்சை, மற்றப் பிள்ளைகளுக்கு நடந்ததைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. பல் டாக்டர் என்றாலே பயமும் முரண்டும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. வைத்தியம் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியிருக்கிறது, காரணம் வலியோடு பார்த்த வைத்தியம். வசதியிலும் பல் மருத்துவத்திலும் உலகுக்கு முன்னால் நிற்கிற நாட்டிலேயே இந்த நிலை. அதே ஸ்வீடன்தான் நமக்கு மரப்பு மருந்தையும் கொடுத்தது என்பது வேடிக்கை. நில்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் 1943-ல் லிக்னோகைனை உருவாக்கினார். அவரோடு வேலை செய்த இளைஞர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்துச் சோதித்தார். 1948-ல் ‘சைலோகைன்’ என்று கடைக்கு வந்தது. இன்றைக்கும் நம் ஊர் கிளினிக்கில் புட்டியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த மருந்துதான்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. ஒரே ஊசியில் தீராததை இரண்டு மூன்று சின்ன உபாயங்களைச் சேர்த்துத் தீர்க்கிறார்கள். குழந்தைப் பல் மருத்துவர்கள் இதில் பழகியவர்கள்.

கீழ்த் தாடைக் கடைவாய்க்கு வழக்கமாகப் போடுவது ‘பிளாக்’ ஊசி. தாடை எலும்புக்குள் நரம்பு நுழைகிற துவாரத்துக்குப் பக்கத்தில் மருந்தை விடுவது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் துவாரம் பெரியவர்களைவிடத் தாழ்ந்து இருக்கும், வயது ஏற ஏற மேலே போகும். பெரியவர்களுக்குக் குத்துகிற உயரத்திலேயே குத்தினால் மருந்து இலக்குக்கு மேலே நின்றுவிடும். சரியாகப் போட்டாலும் இந்தப் பல்லுக்கு அது மட்டும் போதாமல் போகலாம். அதனால் பல்லின் வெளிப்பக்க ஈறில், கன்னத்தை ஒட்டி, இன்னொரு சிறு ஊசியும் சேர்ப்பார்கள். அங்கே பலர் விரும்புவது ஆர்ட்டிகைன். 1970-களில் ஜெர்மனியில் புழக்கத்துக்கு வந்த மருந்து, எலும்புக்குள் நன்றாக ஊடுருவும், இரத்தத்திலேயே பெரும்பகுதி சிதைந்தும்விடும். நான்கு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. ஆறு வயதுப் பல்லுக்கு அந்தத் தடை குறுக்கே வராது.

மேல் தாடையில் எலும்பு மெல்லிசு, ஈறோரம் ஊசி போட்டாலே பெரும்பாலும் மரக்கும். ஒரு சிக்கல், ஆறு ஏழு வயதில் கன்ன எலும்பின் அடிப்பாகம் சரியாக இந்தப் பல்லின் வேருக்கு மேலே கெட்டியாக வந்து நிற்கும். விஷயம் தெரிந்தவர்கள் பல்லுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக மருந்தைப் பிரித்து விடுவார்கள். இவ்வளவுக்கும் அடங்காத பல்லுக்கு, பல்லுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள நாரில் மிக மெல்லிய ஊசியால் சில துளிகள் விடுவதுண்டு. எலும்பில் நுண்துளை இட்டு உள்ளே நேராக விடும் கருவிகளும் வந்திருக்கின்றன. மருந்து வேகத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் கருவி 1990-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. நம் ஊர்ப் பக்கம் இவை அபூர்வம், பெரிய கல்லூரி மருத்துவமனைகளில் பார்க்கலாம். ஆனால் கருவி இல்லாமலே கையால் செய்ய முடிகிற காரியம் ஒன்று உண்டு: மெதுவாக விடுவது. ஒரு மில்லி மருந்தை ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு விட்டால் பிள்ளைக்கு ஊசி தெரிவதே நன்றாகக் குறைந்துவிடும். ஊசிக்கு முன்னால் ஈறைத் துடைத்து உலர்த்தி மரப்பு ஜெல் தடவி ஒன்றிரண்டு நிமிஷம் காத்திருப்பதும், ஊசிக்குப் பிறகு அவசரப்படாமல் பத்து நிமிஷம் விட்டுத் தொடுவதும் அப்படித்தான். செலவே இல்லாத வைத்தியம். கூட்டமான கிளினிக்கில் முதலில் காணாமல் போவதும் இந்த நிமிஷங்கள்தான்.

ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரையோ மருந்தோ கொடுத்துக் கூட்டிவரச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. பல்லுக்குள் நடக்கிற புகைச்சல் கொஞ்சம் தணிந்திருந்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும் என்ற கணக்கு. பிள்ளையின் எடைக்குத் தக்க அளவை அவர் சொல்லட்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம், ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். மிகவும் பயப்படுகிற பிள்ளைக்குச் சிரிப்பு வாயுவை மூக்கு வழியாகக் கொடுத்து அமைதிப்படுத்துவதும், முடியவே முடியாத நிலையில் மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் எல்லாப் பல்லையும் முடிப்பதும் பெரிய மருத்துவமனைகளில் நடக்கிறது.

நான் பேசிய ஒரு குழந்தைப் பல் மருத்துவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. பல நேரம் பிள்ளை அலறுவது மரக்கவைத்த பல்லுக்காகவே இருக்காதாம். மெஷினிலிருந்து தெறிக்கிற குளிர்ந்த தண்ணீர், அதே வாயில் மரக்காமல் இருக்கிற இன்னொரு நலிந்த பல்லில் படும், அதுதான் சுண்டும். அந்தப் பல்லைப் பஞ்சாலோ ரப்பர் விரிப்பாலோ மூடிவிட்டு வேலை செய்தால் பிள்ளை பேசாமல் இருக்கும். காற்றடித்து உலர்த்துவதற்குப் பதில் பஞ்சால் ஒற்றி எடுப்பதும் இதற்காகத்தான். இதைக் கேட்டபோது, “நடிக்கிறான்” என்று பெயர் வாங்கிய எத்தனை பிள்ளைகள் பக்கத்துப் பல்லுக்காக அழுதிருப்பார்கள் என்று தோன்றியது.

இன்னொன்றும் அவர் சொன்னார். வலியோடு வருகிற பல்லை அன்றைக்கே குடைய வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. குடையாமல், ஊசியும் போடாமல், கிளாஸ் அயனோமர் என்ற ஒட்டுச் சிமெண்டை அப்படியே பல்லின் மேல் பூசி மூடிவிடலாம். அதில் ஃபுளோரைடு மெல்லக் கசியும். குளிரும் கிருமியும் உள்ளே போவது நிற்கும். சில வாரத்தில் உள்ளே புகைச்சல் அடங்கும். அதன் பிறகு கூப்பிட்டு மரக்கவைத்தால் முன்பு பிடிக்காத அதே மருந்து பிடிக்கும். அதற்குள் பிள்ளைக்கும் டாக்டரிடம் பயம் தெளிந்திருக்கும். சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்தாலும் கூச்சம் குறையும். நலிந்த இடம் கறுத்துப்போகும் என்பதால் கடைவாய்க்குச் சரி, முன்பல்லுக்கு யோசிக்க வேண்டும். நிறைய உதிர்ந்த பல்லுக்கு ஸ்டீல் கேப். பெண் குழந்தைக்கு வெள்ளிப் பல்லா என்று தயங்குகிறவர்கள் உண்டு. அது தொண்டைப் பக்கம் இருக்கிற பல், கொட்டாவி விட்டால்தான் தெரியும். வளர்ந்த பிறகு வேறு நல்ல கேப் போட்டுக்கொள்ளலாம், அதுவரை பல் மிஞ்சியிருக்க வேண்டுமே.

காப்பாற்ற முடியாத பல்லும் இருக்கும். அப்போதும் நாள் பார்த்துத்தான் எடுப்பார்கள். எட்டு முதல் பத்து வயதுக்குள், பின்னால் வரவேண்டிய அடுத்த கடைவாய்ப் பல்லின் வேர் பிரிய ஆரம்பிக்கும் பருவத்தில் எடுத்தால், அந்தப் பல் முன்னே நகர்ந்து இந்த இடத்தை அடைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. பருவம் தவறினால் இடைவெளி அப்படியே நிற்கும், குறிப்பாகக் கீழ்த் தாடையில். இதற்குத் தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே ஒன்று வேண்டும். “வலிக்குதா, புடுங்கிடு” என்று எந்த வயதிலும் பிடுங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருபது வயதில் பிள்ளையின் பல் வரிசையில் தெரியும்.

ஊசி போடும் நாளில் வீட்டார் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பிள்ளையின் எடையைச் சொல்வது. மரப்பு மருந்துக்கு எடைக் கணக்கு உண்டு. லிக்னோகைன் ஒரு கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது குழந்தைப் பல் மருத்துவத்தில் பின்பற்றுகிற வரம்பு. 20 கிலோ பிள்ளைக்கு 88 மில்லிகிராம். நம் பக்கம் வழங்கும் 2 சதவீத மருந்தில் அது நாலரை மில்லிகூட இல்லை. “பிடிக்கலன்னா இன்னொரு ஊசி போடுங்க டாக்டர்” என்று நாம் வற்புறுத்தும்போது இந்த வரம்பு நெருங்கிக்கொண்டிருக்கும். இதயக் கோளாறு, வலிப்பு, மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது. மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துக் கடித்துப் பிள்ளைகள் புண்ணாக்கிக்கொள்ளும். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாகப் படர்ந்ததும் ஊசி சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. மரப்பு தெளியும்வரை மெல்லுகிற தீனி வேண்டாம்.

பயமுறுத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். “சோறு சாப்பிடலன்னா டாக்டர் கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று வருஷக்கணக்கில் சொல்லி வளர்த்துவிட்டு, ஒரு நாள் அதே ஊசிக்கு அமைதியாக உட்கார் என்றால் பிள்ளை எப்படி உட்காரும்? “வலிக்கவே வலிக்காது” என்ற பொய்யும் வேண்டாம். கொசு கடித்த மாதிரி இருக்கும், வலித்தால் இடது கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். கை தூக்கினால் நிறுத்துவீர்களா என்று டாக்டரிடமும் பிள்ளையின் எதிரிலேயே கேட்டுவிடுங்கள். கிராம்பு நசுக்கி வைப்பதைப் பாட்டிமார் சொல்வார்கள். கொஞ்சம் மரக்கும் என்பது உண்மைதான், ஆனால் பிள்ளையின் ஈறு வெந்துபோகும். கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கவைத்துப் ‘பல் பூச்சி’ எடுத்துக் காட்டுகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். கிண்ணத்தில் விழுகிற பூச்சிக்கும் பல்லுக்கும் சம்பந்தமே கிடையாது.

இனி, நம் ஊருக்கு உரியது. தறிக்குழியை விட்டு எழுந்தால் கூலி இல்லை. ஆவணி, தை முகூர்த்தச் சமயத்தில் சேலையை முடித்துக் கொடுக்காவிட்டால் முதலாளியிடம் பேச்சு. வேலூருக்கு ஒருமுறை போய்வந்தால் ஒரு பகல் போய்விடும், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு என்றால் விடியலில் கிளம்பி இரவுதான் திரும்ப முடியும். முதல் தடவையே சரியாக மரக்கவைத்து வேலையை முடிப்பது இங்கே வயிற்றுப்பாட்டு விஷயமும்கூட. ஊசி பிடிக்காமல் திரும்பி வந்த ஒரு நாளின் விலை அந்த அப்பாவின் கையில் அடியாக இறங்கியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையிடம் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அரசின் பக்கம் வழியில்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும், பல்லும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று. தமிழ்நாடு அரசு 2023-ல் ‘புன்னகை’ என்ற பள்ளிப் பல் பாதுகாப்புத் திட்டத்தையும் தொடங்கியது, 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. நல்ல திட்டம், பாராட்டுகிறேன். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினோரு வயது. நலிந்த கடைவாய்ப் பல் ஆறு வயதில் வந்து, ஏழில் உதிர்ந்து, எட்டில் வலித்து, பத்தில் எடுக்கிற பருவமும் கடந்துபோயிருக்கும். அதிகாரிகள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரே வேண்டுகோள்: இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு முன்பே சிமெண்ட் பூசி மூடிவிடக்கூடிய வயது அது.

அதுவரை நாமே பார்க்கலாம். ஐந்தரை, ஆறு வயதுப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பால் பல் வரிசைக்குப் பின்னால் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா, அதில் வெள்ளை, மஞ்சள், பழுப்புத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைக்குக் கடைசிப் பால் பல்லிலேயே அப்படித் திட்டு இருந்தால், நிலைப்பல்லிலும் வர வாய்ப்பு பல மடங்கு அதிகம். இப்போதே டாக்டரிடம் காட்டி வையுங்கள். ஆடி வெள்ளிக்குப் படவேடு போகும்போது எல்லாப் பிள்ளைகளும் ஐஸ் கேட்டு அடம்பிடிக்க, ஒன்று மட்டும் வேண்டாம் என்றால் அதைச் சமர்த்துப் பிள்ளை என்று மெச்சிவிட்டுப் போகாதீர்கள். வாயைப் பாருங்கள்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: டாக்டரிடம் போகும்போது, “ஏற்கெனவே ரெண்டு ஊசி போட்டும் பிடிக்கல, பல்லு முளைக்கும்போதே பழுப்பா வந்துச்சு” என்ற இரண்டு தகவலையும் ஊசி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் பூசி மூடிவிட்டுச் சில வாரம் கழித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முடிந்தால் குழந்தைப் பல் மருத்துவம் தனியாகப் படித்தவரிடம் போங்கள். மற்ற வாசகர்களும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஊசி பிடிக்காத பிள்ளை இருந்தால், கடைசியில் எந்த வழி பலித்தது என்பதை ஒரு அஞ்சலட்டையில் அனுப்புங்கள். மருத்துவமனையின் பெயரும் டாக்டரின் பெயரும் வேண்டாம், பிள்ளையின் வயதும் என்ன செய்தார்கள் என்பதும் போதும். வருகிற கடிதங்களை ஒரு குழந்தைப் பல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் பதில்களோடு அடுத்த இதழில் வெளியிடுகிறேன். பட்டு விலை அதற்கடுத்த பக்கத்தில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்